எட்டாவது கட்டையில் இரண்டு விரல்

உன் கேசட்டிலிருந்து எட்டுப் பதிவுகளும் சேதமில்லாமல் வெளியே வந்துவிட்டன. சென்னையில் பழைய கீபோர்டுகளைப் பழுதுபார்க்கும் சலீம் இன்று காலை போனில் இதை உறுதி செய்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ என்னிடம் எப்போதும் கேட்டது அதைத்தான்: "நீ நெனச்சத வுடு ரிப்போர்ட்டரே, அவன் சொன்னத சொல்லு."

சலீம் சொன்னது இது. "எட்டும் வந்திடுச்சு சார். கம்ப்யூட்டர்ல போட்டு, எந்தச் சுரத்த எப்ப அமுத்தினாருன்னு கோடு கோடா பாத்துகினு இருக்கேன். ஒண்ணு கேக்கணும். மொத பேட்டர்ன்ல அஞ்சு வெரலும் வேல செய்யுது. மூணாவதுல மேல இருக்கற சுரம் காணோம். அஞ்சாவதுல இன்னொண்ணு காணோம். எட்டாவதுல ரெண்டே வெரல்தான். வேணும்னே கொறச்சிகினே வந்தாரா? அது எதாச்சும் ஸ்டைலா?"

"அவர் அப்படித்தான் வாசிச்சார்" என்றேன். அதற்கு மேல் அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கேசட்டை என்னிடம் கொண்டுவந்தவள் எஸ்தர். உன் மனைவி ஸ்டெல்லாவின் இறுதிக் காரியங்கள் முடிந்த பிறகு, உன் மகள் உன் கேசட் கடையின் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். பாட்டு இல்லாத ஒரு கேசட் கிடைத்தது. "போட்டா பூச்சி கத்தற மாதிரி கத்துது அங்கிள். அப்பா ஏன் இத்த எடுத்து வெச்சிருக்காரு?" என்று கேட்டாள். அது உன் கீபோர்டின் நினைவு என்றும், அதைப் படிக்கத் தெரிந்த ஆள் சென்னையில் இருக்கிறார் என்றும் சொன்னேன். கேசட்டை இடது கையால் நீட்டியவள், வலது கையை உதறிக்கொண்டாள். "இந்தச் சுண்டுவெரல் ரெண்டு மாசமா மரத்துப் போவுது. போர்டுல எழுதி எழுதி வந்திருக்கும்." அவள் ஆரணிப் பக்கத்துச் சேத்துப்பட்டில் கணக்கு டீச்சர் என்பது உனக்குத் தெரியும்.

சுண்டுவிரலைப் பற்றி அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல். உன் கையில் என்ன இருந்தது என்பதை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நூல் முறுக்கும் மெஷினில் விரல்கள் மாட்டிக்கொண்டன என்று நீ சொன்ன கதையை நம்பித்தான் எஸ்தர் வளர்ந்தாள். நீ உயிரோடு இருந்தவரை அந்த வாக்கைக் காப்பாற்றினேன். போன சனிக்கிழமை அதை மீறிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டு மீற வழியில்லை. எப்படி மீறினேன் என்பதையாவது உனக்குச் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் நான் செய்தி சேகரிக்க ஆரணிக்கு வந்த புதிதில், நீ சனிக்கிழமைகளில் பரசுவின் மெல்லிசைக் குழுவோடு கோயில் விழாக்களில் ஆர்மோனியம் வாசிப்பாய், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பாய். இரண்டு இடத்திலும் உன்னைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. "சாமிங்களுக்குள்ள சண்டையே கெடையாதுடா, கமிட்டிக்காரங்களுக்குள்ளதான்" என்பாய். பரசு பாடகன், குழுவின் தலைவன், வாய் நீளம். உன்னைத் திட்டிக்கொண்டே இருப்பான், ஆனால் உன்னை விட்டு மேடை ஏற மாட்டான். நீ தறி வீட்டில் பிறந்தவன். அறுந்த இழையை, பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டே விரல் நுனியால் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவாய். அதே விரல்கள்தான் ஆர்மோனியக் கட்டைகளிலும் போய்வந்தன. நீ வாசிக்கும்போது கையை நீ பார்த்து நான் கண்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த ஜப்பான் கீபோர்டு வந்தது. பர்மா பஜாரிலிருந்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். அன்று மாலை உன் வீட்டில் அதை எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் காட்டினாய். வலது பக்கம் நீ ஒருமுறை வாசிப்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். இடது ஓரத்தில் இருக்கும் எட்டுக் கட்டைகளில் ஒன்றுக்கு அதை ஒதுக்கிவிடலாம். பிறகு அந்த ஒற்றைக் கட்டையை அழுத்திப் பிடித்தால் போதும், நீ வாசித்தது முழுவதும் சுற்றிச் சுற்றி வரும். விரலை எடுத்தால் நிற்கும்.

இடுப்பில் கைக்குழந்தையாக எஸ்தரை வைத்துக்கொண்டு நின்ற ஸ்டெல்லா சொன்னாள்: "ஒத்தக் கட்டைய அமுத்தினா கச்சேரியே நடக்குது. சோறாக்கறதுக்கு எதாச்சும் கட்டை கீதான்னு கேளுங்கண்ணே."

மூவரும் சிரித்தோம். நீ இடது கை ஆள்காட்டி விரலால் முதல் கட்டையைப் பிடித்திருந்தாய். உன் வலது கை வாசித்தது அறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வலது கை மடியில் கிடந்தது. யாரோ கழற்றி வைத்ததுபோல அது கிடந்தது என்று அன்றே எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று அப்போது தெரியவில்லை.

தெரிந்தது பட்டுக் கடையில். ஒரு கடை முதலாளியின் மகள் கல்யாணத்துக்கு உங்கள் குழுவைப் பேசியிருந்தார்கள். விவரம் கேட்க நீ போனபோது நானும் கூட வந்தேன். முதலாளி வேடிக்கைப் பிரியர். இரண்டு புடவைகளைப் பாயில் வீசினார். "தறிக்காரன் புள்ளைதானே நீ? இதுல எது நம்ம பட்டு, எது ஆர்ட் சில்க்கு? சொல்லு பாக்கலாம்." ஆரணியில் யாரும் பட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தைப் பிடித்து ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடச் சொல்லிவிடும். நீ தேய்த்தாய். மறுபடியும் தேய்த்தாய். பிறகு ஆர்ட் சில்க்கைக் காட்டி, "இதுதான் பட்டு" என்றாய்.

முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னாப்பா, பொட்டி வாசிச்சி வாசிச்சி கை மக்கர் பண்ணுதா? உங்கப்பன் கேட்டா தறிக்குழியிலயே உழுந்துடுவான்யா!"

நீயும் சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடையில் நின்றோம். நான் கிளாஸின் விளிம்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தேன். நீ உன் கிளாஸை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்திருந்தாய், குளிர்ந்த மோர் மாதிரி. "கீழ வைடா" என்றேன். வைத்தாய். விரல் நுனிகள் சிவந்திருந்தன. அவற்றின் மேல் ஏற்கெனவே ஆறிக்கொண்டிருந்த பழைய கொப்புளங்களும் இருந்தன.

"எத்தன நாளா?"

"போன மழைக்கு முன்னாடியிருந்து. வலது போச்சு. இடது போய்கினு இருக்குது." அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாய். "தொட்டா தெரியலடா. சத்தம் வந்தாத்தான் அமுத்தியிருக்கேன்னே தெரியுது."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இன்னா சொல்லுவான்னு எனக்குத் தெரியும். எங்க பெரியப்பாவுக்கு வந்திச்சு, பெரிய வியாதி. ஊட்டுக்குப் பின்னால தனியா கொட்டா போட்டுக் குடுத்தாங்க. தட்டத் தள்ளி வுடுவாங்க. நான்தான் தள்ளி வுட்டேன் கொஞ்ச நாள்."

"இப்ப மாத்திரை வந்திடுச்சுடா. கொட்டாயெல்லாம் வேணாம். நானே செய்தி போட்டேன்."

"உன் பேப்பரப் படிச்சிட்டுத்தான் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்புடுவாங்களா? கைக்கொழந்தைய வெச்சிகினு கீறேன்." பிறகு நிதானமாக உன் திட்டத்தைச் சொன்னாய். கை இருக்கும்போதே எட்டுக் கட்டைகளையும் நிரப்பிவிடுவது. எட்டும் நிரம்பிவிட்டால் பிறகு ஒரு விரல் போதும், பிழைப்பு ஓடும். அதன் பிறகு வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நீயே வருவாய். "எட்டும் ரொப்பிட்டு வரேன். அதுவரைக்கும் யாருக்கும் மூச்சு வுடாத. சத்தியம் பண்ணு."

"நாளைக்கே வாடா. எட்டுன்னு யார் சொன்னது?"

"மெஷின்ல எட்டுதானே கீது?"

அதுதான் நடந்தது. எட்டு என்பது டாக்டர் சொன்ன கணக்கு இல்லை. ஜப்பானில் யாரோ ஒரு பெட்டிக்கு வைத்த கணக்கு. நீ அதை உன் கைக்கும் வைத்தாய். வாசிப்பவன் அல்லாத எவனும் அப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டான்.

அதன் பிறகு உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பின்னறையில் நீ அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாய். ஒரு சுரம் பிசகினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து வாசிப்பாய். விரல் குறையக் குறையப் பிசகு கூடியது. பிசகு கூடக் கூட நாட்கள் கூடின. நாட்கள் கூடக் கூட விரல் குறைந்தது. சுண்டுவிரல் முதலில் மடங்கியது, அடுத்து மோதிர விரல். மடங்கிய விரலுக்கு இருந்த சுரத்தை நீக்கிவிட்டு, மிச்ச விரல்களுக்குத் தகுந்தபடி அடுத்ததை அமைப்பாய். "ஆஸ்பத்திரி" என்று நான் ஆரம்பித்தால், "இன்னும் மூணு" என்பாய். பிறகு, "இன்னும் ரெண்டு." நீ எண்ணிக்கொண்டு போவதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

மேடையில் நீ இடது கையால் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்திருப்பாய். குழுவில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாது. "ஒத்த வெரல் வித்வான்" என்று பெயர் வைத்தார்கள். "அண்ணன் வெரலால சாப்புடுவாரா, இல்ல அதுக்கும் பொட்டி வெச்சிகினு கீறாரா?" என்று கிடார்க்காரன் கேட்பான். நீயும் சேர்ந்து சிரிப்பாய்.

எட்டாவதை முடித்த வாரம், எல்லாவற்றையும் ஒரு கேசட்டில் ஏற்றி வைத்தாய். பெட்டியின் உள்ளிருந்த பேட்டரியை நீ நம்பவில்லை. "கல்யாணம் முடிஞ்ச மறுநாள் ஆஸ்பத்திரி" என்று நீயாகவே சொன்னாய். பட்டுக் கடை முதலாளி வீட்டுக் கல்யாணம் அது.

மாலை வரவேற்பு. மண்டபம் நிறைந்திருந்தது. பரசு பாடிக்கொண்டிருந்தான், நீ நான்காவது கட்டையைப் பிடித்திருந்தாய். அந்த நேரத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பேண்டு வாத்தியம் வாசலுக்குள் நுழைந்தது. வெளியே வெடி. பரசு கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினான். எல்லோரும் நிறுத்தினார்கள். உன் கட்டை நிற்கவில்லை.

மேடையின் ஓரத்தில் இருந்த எனக்கு உன் விரல் தெரிந்தது. அது கட்டையின் மேலேயே இருந்தது. உன் காதுக்கு ஆதாரமாக இருந்த சத்தத்தைப் பேண்டும் வெடியும் மூடிவிட்டன. தொட்டால் தெரியாது, இப்போது கேட்கவும் கேட்கவில்லை. நீ விரலை எடுத்துவிட்டதாக நினைத்து, மணமக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். பேண்டு ஓய்ந்தது. மண்டபம் முழுக்க அந்த ஒரே துண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"யோவ், வெரல எடுய்யா!" என்று பரசு கத்தினான்.

"எடுத்துட்டேன்பா!" என்றாய். விரல் கட்டையில் இருந்தது.

"எடுன்றேன்!"

"நான் எடுத்துட்டேன்பா, மெஷின்தான் இன்னாமோ..." என்று நீ பெட்டியின் மறுபக்கம் குனிந்து பார்த்தாய். குனிந்தபோதும் விரல் அங்கேயே இருந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. நான் மேடையில் ஏறுவதற்குள் பரசு வயரைப் பிடித்து இழுத்துவிட்டான்.

அவன் கையிலிருந்த மைக் நிற்கவில்லை. "பாத்தீங்களாய்யா? வாசிக்கறது இவன் இல்ல, பொட்டி! வெரல வெச்சிகினு குந்திகினு கீறான், அவ்ளோதான்! நம்ம அல்லாரையும் ஏமாத்திகினு கீறான்!"

நான் வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாய், வேண்டாம் என்று. பிறகு பரசுவைப் பார்த்து, மைக்கில் விழும்படியாகவே சொன்னாய்: "ஆமாம்பா. பொட்டிதான் வாசிச்சிது."

நான் எத்தனையோ கூட்டங்களில், கோர்ட்டுகளில் மனிதர்கள் ஒப்புக்கொள்வதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். செய்யாததை இவ்வளவு அமைதியாக ஒப்புக்கொண்டவனை அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

வயரை இழுத்ததில் பெட்டியின் நினைவு போய்விட்டது. எட்டுக் கட்டையும் ஊமை. மறுநாள் காலை கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ்ஸில் நாம் இருவரும் ஏறினோம். டாக்டர் உன் கண்ணை மூடச் சொல்லி, ஒரு இறகால் விரல்களைத் தொட்டார். "தொடும்போது சொல்லுங்க" என்றார். அவர் தொட்டுக்கொண்டே போனார். நீ தொடுவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தாய்.

தொழுநோய்தான். மாத்திரை கிருமியைக் கொன்றுவிடும், யாருக்கும் தொற்றாது, ஆனால் செத்த நரம்பு எழுந்து வராது என்று அவர் சொன்னார். நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: "அஞ்சாவதுல வந்திருந்தா?"

டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. "சில மாசம் முன்னாடியே வந்திருந்தா எப்படின்னு கேக்கறாரு" என்றேன். "நிறையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் அவர்.

மனைவியையும் குழந்தையையும் அழைத்து வரச் சொன்னார். அழைத்துப் போனாய், இருவருக்கும் எதுவும் இல்லை. குழந்தையை வருஷா வருஷம் காட்டச் சொன்னார்கள். எஸ்தர் ஏன் என்று கேட்கும் வயது வந்ததும் நீ அதை நிறுத்திவிட்டாய். மாத்திரைகளை ஒரு வேளைகூட விடாமல் முடித்தாய், குணமானாய். விரல்கள் மட்டும் நிமிரவில்லை. கேசட்டைப் போட்டு எட்டையும் திரும்ப ஏற்றப் பார்த்தாய். ஒவ்வொரு மதியமும் அந்தக் கிறீச்சல் உன் வீட்டிலிருந்து தெரு வரை கேட்கும். பெட்டி ஒவ்வொரு தடவையும் மறுத்தது. கடைசியில் அதை விற்றுவிட்டு, கடைத்தெருவில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கேசட் கடை வைத்தாய்.

தெருவில் "ஒத்த வெரலு" என்று கூப்பிட்டவர்களுக்கும் பதில் சொன்னாய். எனக்கு ஒருநாள் கோபம் வந்து, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "ஏமாத்துக்காரன்னா கடைக்கு வருவாங்கடா. அதுன்னா வரமாட்டாங்க" என்றாய். ஒரு சாதாரண மதியத்தில், அந்தக் கடையிலேயே மார்பு வலி வந்து நீ போனாய். அன்று இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்களில் உன் கதை தெரிந்தவர்கள் ஸ்டெல்லாவும் நானும் மட்டும்தான்.

இப்போது ஸ்டெல்லாவும் இல்லை. போன சனிக்கிழமை சேத்துப்பட்டுக்குப் போனேன். எஸ்தர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

"மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னாரே அங்கிள்."

"மெஷின் இல்லம்மா."

முழுவதையும் கேட்டாள். வியாதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதலில் கேட்டது இது: "அப்ப அன்னிக்கு மேடையில அப்பா ஏமாத்தலியா?"

"இல்ல. அத்தனையும் அவன் கை வாசிச்சது."

"ஸ்கூல்ல என்னை ஒத்த வெரல் பொண்ணுன்னு கூப்புடுவாங்க. நான் அப்பாகிட்ட ஒரு வருஷம் சரியா பேசல, தெரியுமா உங்களுக்கு?" தாளின் மேல் கிடந்த சிவப்பு மைப் பேனாவை எடுத்து மூடினாள். மூட இரண்டு முறை ஆனது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "என்கிட்டயாச்சும் சொல்லியிருந்தா இன்னா? நான் ஓடியா போயிருப்பேன்?" அது உன்னிடம் கேட்ட கேள்வி. தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "திங்கக்கெழம லீவு போடறேன். நீங்களும் வாங்க" என்றாள்.

நேற்று அதே வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். டாக்டர் சின்ன வயதுப் பெண். எஸ்தரைக் கண்ணை மூடச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "இப்போ" என்றாள் எஸ்தர். மறுபடியும், "இப்போ." பிறகு கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் டாக்டர் தொட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. முழங்கை நரம்பு அழுந்தியிருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம், கழுத்து எலும்பாக இருக்கலாம், உனக்கு இருந்ததாகவும் இருக்கலாம் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். எதுவாக இருந்தாலும் சீக்கிரம் வந்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார்.

உன்னிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்த பழக்கம் ஒன்றுண்டு. கல்யாண மண்டபங்களில் எல்லோரும் பாடுபவரைப் பார்ப்பார்கள். நான் வாசிப்பவரின் விரலைப் பார்ப்பேன், பாட்டு முடிந்த பிறகும் அது எழும்வரைக்கும். நேற்றிலிருந்து எஸ்தரின் கையையும் அப்படிப் பார்க்கிறேன். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது, "போதும் அங்கிள், சாமியப் பாக்கற மாதிரி பாக்காதீங்க" என்றாள்.

எட்டுப் பதிவுகளையும் வரிசை மாற்றாமல் அவளுக்கு அனுப்பும்படி சலீமிடம் சொல்லியிருக்கிறேன். இன்று மாலைக்குள் அனுப்பிவிடுவார். முடிவு தெரியும்வரை அதைக் கேட்கப் போவதில்லை என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். தோலிலிருந்து மாதிரி எடுத்திருக்கிறார்கள், நரம்புச் சோதனையும் செய்திருக்கிறார்கள். இரண்டின் முடிவும் வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் கிடைக்கும் என்று அங்கிருந்த நர்ஸ் எஸ்தரிடம் சொன்னார். அன்று காலை முதல் பஸ்ஸிலேயே இருவரும் கிளம்புகிறோம்.